நூறு மூட்டைக்குப் பாதி வீடு

அப்பா,

இன்று காலை கடையில் புது மூட்டையைப் பிரித்தபோது சாக்கும் தவிட்டுத் தூசியும் கலந்த அந்த வாசனை எழுந்தது. என்னையறியாமல் நாலு அரிசியை எடுத்து முன்பல்லில் கடித்தேன், நீங்கள் கடிப்பது போலவே. "பசிக்குதா பாப்பா?" என்றார் முதலாளி. வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினேன். சிதம்பரத்தில் இந்த அரிசிக் கடையில் பில் போட உட்கார்ந்த நாளிலிருந்து நான் வாயே திறப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை. போன வாரம் திறந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடல் ஊருக்குள் வந்தபோது தேவனாம்பட்டினத்தில் உங்கள் படகு இன்ஜின் பட்டறை இருந்த இடத்தில் மணல்தான் மிஞ்சியது. கையில் ஒன்றுமில்லாமல், செம்மண்டலத்துப் பூர்வீக வீட்டில் உங்கள் பாதியைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தீர்கள். நம் ஆட்கள் குத்தகையானாலும் சீரானாலும் மூட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள். வீட்டையும் அப்படியே பேசினீர்கள். நூறு மூட்டை பொன்னி அரிசியின் விலையை அவர் தருவது. நீங்கள் எப்போது வந்தாலும் அன்றைய விலையில் நூறு மூட்டைக்கான பணத்தைக் கொடுத்து மீட்டுக்கொள்வது. சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தீர்கள். பத்திரம் எழுதிக்கொள்ளலாமே என்றாள் அம்மா. பெரியப்பா சிரித்தார். "அண்ணன் தம்பிக்குள்ள என்னாம்மா பத்திரம்? அந்தச் செலவுக்கு நாலு மூட்ட அரிசி வாங்கிப் போடலாம்."

சிதம்பரத்தில் வாடகை வீடு, யாருடைய பட்டறையிலோ கூலி. தினமும் காலையில் அரிசி மண்டிக்குப் போய் நாலு அரிசியைக் கடித்துப் பார்த்து, விலை கேட்டுவிட்டுத்தான் நீங்கள் வேலைக்குப் போனீர்கள். விலை ஏறிய நாளில் வீட்டில் யாரும் பேச மாட்டோம். எங்கோ மழை பொய்த்தால் நம் வீடு தள்ளிப்போகும். ஒன்பதாவதோடு என்னை நிறுத்தியபோது, "வீட்ட மீட்டுட்டா மறுபடி சேத்துவுடறேன்டி" என்றீர்கள். நம்பினேன்.

ஒருநாள் நூறு மூட்டைக்கான பணம் சேர்ந்துவிட்டது. மஞ்சள் பையோடு நீங்களும் நானும் போய் நின்றோம். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"என்னாடா அது?"

"நூறு மூட்டைண்ணே. இன்னிய வெல."

அவர் உள்ளே திரும்பிப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருடி, அரிசி வெலைக்கு வீடு வாங்க வந்துருக்கான்!" பிறகு உங்களிடம், "தம்பி, அரிசி நடந்து போவுதுடா. வீடு பஸ்ஸுல போவுது. நீ நடந்து வந்து பஸ்ஸப் புடிக்கலாம்னு பாக்கறியே."

"அன்னிக்குப் பேசுனோமேண்ணே."

"எழுதியா குடுத்தேன்?"

அவர் சொன்ன விலைக் கணக்கில் பொய் இல்லை அப்பா. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. இந்தக் கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த வருடங்களில் அரிசி ஏறியது, டீ ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது. உங்கள் கூலியும் மூச்சிரைக்க அவற்றோடு ஏறியது. அதே வருடங்களில் செம்மண்டலத்தைத் தாண்டி வயல்களில் மனைக்கல் நட்டார்கள், வீட்டு விலை அரிசியைவிடப் பல மடங்கு எகிறியது. வேர்வை சிந்திய நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். ஒரு ஆணிகூட அடிக்காத பெரியப்பா பணக்காரரானார்.

அன்றிலிருந்து நீங்கள் அரிசியைக் கடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள். விலை கேட்பதையும் விட்டுவிட்டீர்கள். அடுத்த ஆடிக்கு நீங்களே இல்லை. காரியத்துக்கு வந்த பெரியப்பா, "நெஞ்சுல எதையோ வச்சிக்கினே இருந்துட்டான்" என்றார். எதை என்று அவருக்குத் தெரியும்.

மஞ்சள் பைப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டோம். அரிசி ஏறும்போதெல்லாம் ஏறியதை என் சம்பளத்திலிருந்து போட்டு வந்தேன். கடைக்கு வரும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எழுதிக் கொடுக்கலன்னா பாதி வீடு இன்னும் ஒங்கப்பா பேர்லதாம்மா இருக்கும்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா ஒருநாள் விற்கக் கிளம்புவார் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

போன வாரம் வந்தார். பட்டுப்புடவை, மைசூர்பாகு, உச்சி வெயில்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சாமே! ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் பார்ட்டி வந்துருக்கு. நீயும் அம்மாவும் ஒரு கையெழுத்து..."

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பில் போட்டு முடித்தேன். ஸ்டூலைக் காட்டவில்லை.

"ஒங்கப்பன் எப்பவோ வித்துட்டாம்மா. பணத்த எண்ணி வாங்குனான்."

"எழுதியா குடுத்தாரு எங்கப்பா?"

முதலாளி தலையைத் தூக்கினார். பெரியப்பா புடவைப் பையைக் கல்லாமேல் வைத்தார்.

"என்னாதாம்மா வேணும் ஒனக்கு?"

"நூறு மூட்ட. இன்னிய வெலைக்கு நான் தரேன். எங்க பாதிய உடுங்க."

"வீடு இன்னிக்கு என்னா வெல போவுது தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா. பஸ்ஸுல போவுது. நாங்க நடந்தே வந்துட்டம்."

மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இரண்டு முறை பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன். ராத்திரி வீட்டில் சொன்னபோது, "சக்கர வியாதிக்காரருடி, தண்ணியாச்சும் குடுத்தியா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். "கையெழுத்து நீ போடுன்னா போடறேன், இல்லாட்டி இல்ல" என்றாள்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். பார்ட்டி நெருக்குகிறதாம். ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். உங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்த முன்பல் பழக்கமும் நூறு மூட்டை என்கிற வார்த்தையும்தான். இரண்டையும் விடவில்லை. இன்று பொன்னி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏறியதை மத்தியானம் அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன். பெரியப்பா மறுபடி வருவார். வரும்போது நூறு மூட்டைக்கான பணமும் தயாராக இருக்கும். தண்ணீர் மட்டும் கிடையாது.