காப்பு அவிழ்த்த பிறகு

பசியாவரம்,
ஆவணி, 1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை திரௌபதி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். இந்தக் கடிதம் நைனாவைப் பற்றியது. அதனால் வேறு எதற்கும் முன்னால், தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்த அன்று நான் அவரிடம் சொல்லாததை உனக்கு எழுதிவிடுகிறேன். "நைனா, டாக்டர் சொன்னது தீமிதி வரைக்கும் இல்லை. உயிர் இருக்கிற வரைக்கும்." கையில் கரண்டியோடு நின்றேன். 

நீ அந்தமானுக்குக் கப்பல் ஏறிய பிறகு நடந்தது இது. சித்திரையில் நைனாவுக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. வலைக்கு நூல் வாங்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு அவரைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனேன். ரத்தக் கொதிப்பு மிக அதிகம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்க வேண்டும், கருவாடு, ஊறுகாய் பக்கமே போகக் கூடாது என்றார். "எத்தினி நாளைக்கு சார்?" என்று கேட்டார் நைனா. முதலில் இரண்டு மாதம் இருந்து காட்டுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, என்னை நிறுத்தி, இது ஆயுசுக்கும் என்றார். இல்லாவிட்டால் ஒருநாள் படகிலேயே கைகால் விழுந்துவிடும் என்றார்.

திரும்பி வந்து படகுத்துறையில் இறங்கும்போது நைனா, "ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது பாப்பா. நோவாளின்னு பேரு வந்துட்டா எவன் என்கூட வலை இழுப்பான்?" என்றார். அதில் தப்பில்லை. சுற்று வலையில் ஒருவர் பாதியில் உட்கார்ந்தால் ஏரியில் வலை போடச் சீட்டில் விழுந்த முறை கூட்டாளிகள் எல்லோருக்கும் வீணாகும். அந்த முறை திரும்பி வர எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

மாத்திரையை ஒளித்து விழுங்கலாம், வீக்கத்தை வேட்டியால் மறைக்கலாம். சாப்பாட்டை எப்படி மறைப்பது? நம் ஊரில் எந்த வாசலில் நின்றாலும் கஞ்சியும் சுட்ட கருவாடும் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் மனஸ்தாபம். மரியாதையாக வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதை நைனாவே கண்டுபிடித்தார். ஆடித் தீமிதிக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்து, காப்புக் கட்டுவதற்கு வெகு நாள் முன்பே உப்பில்லா விரதம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணா, அந்த நாட்கள் எவ்வளவு நிம்மதியாக இருந்தன தெரியுமா! யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் வருவதைப் பார்த்தால் கருவாட்டுத் தட்டை மூடி வைத்தார்கள். நானும் சமையல் கற்றுக்கொண்டேன். புளியும் பச்சை மிளகாயும் வறுத்த சீரகமும் கொஞ்சம் கூடப் போட்டால், அன்றைக்குப் பிடித்த மடவை மீனுக்கு உப்பில்லாத குறை பாதி தெரியாது. வீக்கம் வடிந்தது. துடுப்பை ஊன்றாமல் படகில் ஏறினார். தீயில் இறங்கி நடந்தபோது அம்மா அழுதுவிட்டாள்.

காப்பு அவிழ்த்ததும் கோயில் வாசலில் கூழ் ஊற்றினோம். வலைக் கூட்டாளிகள் எல்லோரும் நைனாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வீடு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வந்திருந்தது. நைனா வெறும் கூழைக் குடித்துக்கொண்டிருப்பதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். "இன்னாண்ணா, அம்மனே காப்பை அவுத்துட்டா, உனக்கு இன்னா இன்னும்? உப்பில்லாம துன்னு மாப்பிள்ளை கணக்கா மினுக்குற. இன்னொரு கல்யாணம் கட்டப் போறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "ஊத்து பாப்பா" என்றார். அத்தனை கூட்டாளிகளுக்கு நடுவில் நான் என்ன சொல்ல முடியும்? குழம்பை ஊற்றினேன்.

அன்றோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நாக்குச் செத்துக் கிடந்த மனுஷன் என்று வீடுவீடாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வீக்கத்தை அம்மன் கொண்டுபோய்விட்டாள் என்று நம்பிக்கை. குழம்பில் நான் உப்பைக் குறைத்து இறக்கிவிட்டுத் தண்ணீருக்குப் போனால், திரும்பி வருவதற்குள் அம்மா ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். கேட்டால், "உன் படிப்பு உலையில வேகாது, போடி" என்கிறாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாமி எடுத்துக்கொண்ட நோயை நான் திரும்ப வா என்று கூப்பிடுகிறேனாம். அவள் மேல் கோபம் வரவில்லை. அவருக்கு நல்ல சோறு போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வீக்கம் திரும்பிவிட்டது. போன வாரம் வலை வளைக்கும்போது நைனா படகின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சித்தப்பா மகன் வடிவேலு தோளைப் பிடித்திருக்காவிட்டால் தண்ணீரில் சாய்ந்திருப்பார். கால் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா நம்பியதாகத் தெரியவில்லை. ஐப்பசியில் மழை பிடிக்கும் முன் நமக்கு முகத்துவாரத்துப் பக்கம் சீட்டு விழுந்திருக்கிறது. அங்கே நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று அவர் தனியாக வலை கோத்துக்கொண்டிருந்தபோது, காப்பு அவிழ்த்த அன்று சொல்லாததைச் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. ஊசியை நிறுத்தாமல், "சரி. நாளைக்கு உன் சித்தப்பன் கஞ்சி குடுத்தா இன்னான்னு சொல்லி வேணாங்கறது? அதை நீ சொல்லிக் குடு" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இன்று காலையில்தான் தோன்றியது. அந்தக் கேள்விக்குப் பதில் நீதான்.

நீ ஒரு வேண்டுதல் செய்ய வேண்டும். பொய்யாக எழுதாதே. அங்கே கடல் ஓரத்தில் நின்று உண்மையாகவே வேண்டிக்கொள். நீ நல்லபடியாக நம் கரையில் கால் வைக்கும்வரை, உன்னைப் பெற்றவர் கருவாடும் உப்பும் தொட மாட்டார் என்று அம்மனிடம் சொல். பிறகு அதை நைனாவுக்கு எழுது. எனக்குப் போடாதே. சித்தப்பா வீட்டு விலாசத்துக்குப் போடு. வடிவேலுதான் அங்கே படிப்பான், அவனுக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது. வலை கோக்கிற எல்லோர் காதிலும் விழும். மகன் கடல் தாண்டி இருக்கிறான், அவன் பேரில் விரதம் என்றால், சித்தப்பாவே கருவாட்டுத் தட்டை மூடி வைப்பார். அம்மாவும் உப்பு ஜாடிப் பக்கம் போக மாட்டாள். உன் உயிர் விஷயத்தில் அவள் அம்மனோடு விளையாட மாட்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ கால் வைத்த அன்று இந்த விரதமும் முடிந்துவிடும். மறுபடி கூழ், மறுபடி குழம்பு. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு நீ வருவாய், மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவாய் என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ போன நாளிலிருந்து படகுத்துறையில் ஒரு படகு வந்தால் நானும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அண்ணா, வராதே. லீவு கிடைத்தாலும், எனக்குத் தேதி வைத்தாலும், நானே அழைப்பு எழுதினாலும் வராதே. வேறு வழி கண்டுபிடித்ததும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

அம்மன் உன்னை எங்கே இருந்தாலும் காப்பாள். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை,
திரௌபதி


பசியாவரம்,
தை, 1980

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ நின்றிருக்க வேண்டிய இடத்தில் வடிவேலு நின்று மோதிரம் போட்டான். பந்தியில் நைனாதான் முன்னால் நின்று எல்லோருக்கும் பரிமாறினார். உன் வேண்டுதல் கடிதம் வந்ததிலிருந்து கால் வீக்கம் இல்லை. போன ஐப்பசியிலும் அதற்கு முந்தின ஐப்பசியிலும் முகத்துவாரத்தில் வலை இழுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், மகன் எப்போது வருகிறான் என்று அவரைக் கேட்டார். "இன்னா அவசரம், மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, நைனா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய், தனக்கென்று தனியாக வைத்திருந்த சட்டியிலிருந்து உப்பில்லாத குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்.

திரௌபதி