இரண்டு பொம்மையும் நானே

அன்புள்ள அம்மாவுக்கு, மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கணினியிலும் போனிலும் ஊர் கட்டி விளையாடும் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு திங்களன்று வெளியானது. இனி அதற்குள் நமக்குப் பதிலாக நடமாடும் பொம்மைகள் கைகுலுக்கலாம். ஆனால் உயரம் வேறான பொம்மைகள் கைகுலுக்கியபோது ஒன்றின் கை அடுத்ததன் வயிற்றுக்குள் போய்விட்டது, விளையாடியவர்களிடம் ஒரே சிரிப்பு.

மேலாளர், “வேற யாரோடயாவது சோதிச்சுப் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

“ஆள் கிடைக்கல சார். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நானேதான்,” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிழையைச் சரிசெய்துவிட்டேன். தம்பியிடம் சொல்லி உன் போனில் மென்பொருளை ஏற்றிக்கொள். ஞாயிறு காலை பத்து நிமிடம் அந்த ஊருக்குள் வந்தால் போதும், சோதனைக்குத்தான். உனக்குப் பச்சைப் புடவை கட்டிய பொம்மை செய்துவைத்திருக்கிறேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உள்ளே வந்ததும் நகராமல் நில். நானே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் மகள்