உன் அப்பா காதில் நீ ஓதிய பதில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், மூன்று நாளாக என் போனை எடுக்காமல் இருக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, முகம்தான் தொங்கிக் கிடக்கிறது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

நம் குடியிருப்புச் சங்கத்தில் இந்திய வரலாறு, பண்பாடு பற்றிப் பொது அறிவுப் போட்டி வைக்கிறார்கள், நானும் பேர் கொடுத்திருக்கிறேன் என்று நாலு மாதம் முன்னாலேயே உன்னிடம் சொன்னேன். சரிம்மா, அப்பாகிட்ட குடு என்றாய். அந்த நாலு மாதமும் தையல் கடையில் பள்ளிச் சீருடை மலைபோலக் குவிந்து கிடந்தது. நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி, மிஷினுக்கு எதிர்ச் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தேன். காலர் தைக்கும்போது மௌரியர், கை வைக்கும்போது குப்தர், பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது சோழர். அசோகர் பிராமி எழுத்தில் கல்வெட்டு வெட்டிய கதையும் லோத்தலில் பழைய துறைமுகத்தைத் தோண்டி எடுத்த கதையும் எட்டாவதோடு நின்றவள் மண்டையில் தானாக ஏறவில்லை. விரலில் ஊசி ஏறி ஏறித்தான் அதுவும் ஏறியது. உன் அப்பாவும் பேர் கொடுத்தார், ஆனால் ஒரு பக்கம் புரட்டவில்லை. எனக்குத் தெரியாத சரித்திரமா என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், ஷேர் ஷா சமாதி எங்கே இருக்கு சொல்லுங்க என்றேன். டெல்லி என்றார். இல்லை, சசாராம் என்றேன். அப்படி ஒரு ஊரே கிடையாது, உனக்கென்ன தெரியும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பல்லவி. நீயும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாய், பாடத்தில் சந்தேகம் என்றால் என்னைத் தாண்டி அவரிடம்தானே ஓடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் உட்கார்ந்தோம். மருந்துக்கடைக்காரர் போனார், பாங்க் மேனேஜர் போனார், கடைசியில் நானும் உன் அப்பாவும்தான் மிச்சம். எனக்கே ஆச்சரியம், மனுஷன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், காதுக் கருவியைத் தடவித் தடவி. பாவம், சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்தேன், பார், எப்பேர்ப்பட்ட முட்டாள் நான். இரண்டு பேருக்கும் சரிசமமாக மதிப்பெண். கடைசிக் கேள்வி, ஷேர் ஷா சமாதி எந்த ஊரில். எனக்கு நெஞ்சு குதித்தது. நான் கை தூக்குவதற்குள் அவர் தூக்கிவிட்டார். தூக்கிவிட்டுக் காதுக் கருவியைத் தடவினார். அப்புறம் சேதாரம் என்றார். கூடமே சிரித்தது. காதை அழுத்திக்கொண்டு, சசாராம், சசாராம் என்றார். நாக்கு புரண்டுவிட்டது என்று நடுவராக இருந்த தலைமையாசிரியர் சரி போட்டுவிட்டார். கோப்பை அவர் கையில். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சட்டையைத் துவைக்கப் போடலாம் என்று எடுத்தேன், பையில் போன், அதில் உன் பேர், ஐம்பத்தேழு நிமிஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் வைத்தேன். அப்பா, ஜெயிச்சோமா என்று கேட்டாய். ஜெயிச்சோமா. யாரைடா ஜெயித்தீர்கள்? அம்மா பேசுறேன் என்றதும் வைத்துவிட்டாய். காது கேட்கட்டும் என்று நீ வாங்கி அனுப்பிய கருவி, போனில் பேசுவதும் நேராகக் காதுக்குள் கேட்கிற கருவி, கடைசியில் என் வாயை அடைக்கத்தான் உதவியது. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர், டிக்கெட் இல்லாதவனைக் கிழவன் என்றும் பார்க்காமல் நடுவழியில் இறக்கிவிட்ட மனுஷன், டிக்கெட் இல்லாமல் மேடை ஏறியிருக்கிறார். கேட்டேன். விளையாட்டுதானே என்றார். அப்புறம் மெதுவாக, அத்தனை பேர் முன்னாடி உன்கிட்ட தோத்தா என் மூஞ்சியை எங்கே வெச்சிக்கிறது என்றார். அவராவது அதைச் சொன்னார். நீ என்ன சொல்லப் போகிறாய்?

மறுநாள் காலையில், நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன். கோப்பையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே நானும் போனேன். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை, மானம் வாங்கியது. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவரே எழுந்து போய்ச் சங்கச் செயலாளர், அதுதான் பல் டாக்டர், அவரிடம் நடந்ததைச் சொன்னார். டாக்டர் சிரிக்கிறார். கப்பு எப்படியும் உங்க வீட்டுக்குள்ளேதானே இருக்கு, விடுங்கம்மா என்கிறார். அப்போது வந்தது பார் எனக்குக் கோபம். ஒரே அலமாரியில் இருந்தால் ஒரே ஆள் ஆகிவிடுவோமா என்று கேட்டேன். உன் அப்பாதான் காகிதம் கேட்டு வாங்கினார். நான் சொன்ன விடைகள் என்னுடையவை அல்ல, முதல் பரிசு என் மனைவிக்கு உரியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கையாலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பரவாயில்லை, அவரே வெச்சிக்கட்டும் என்று நான் பெரிய மனசு காட்டுவேன் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். காட்டவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என்னுடையதை வாங்கிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

உன் அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன், அவரும் தலை குனிந்துவிட்டார். உன்மேல் உள்ள கோபம்தான் ஆறவில்லை. கடல் தாண்டி இருக்கிற உன் ஊரில் விடியாத நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அவருக்குப் பதில் தேடினாயே, எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு நொடி நினைத்தாயா?

குழந்தைக்குச் சளி என்றாயே, வெந்நீர் கொடு, கண்ட மாத்திரை வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுத்தவுடனே அப்பாகிட்ட குடு என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அடியில் தானும் இரண்டு வரி எழுதவேண்டும் என்று உன் அப்பா பேனாவோடு பக்கத்தில் நிற்கிறார். தனிக் காகிதம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இது என் கடிதம்.