மாப்பிள்ளை கை முதலில் நீளட்டும்

இன்று காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் வந்து நின்றதும் குப்பென்று பலாப்பழ வாசனை. மலையிலிருந்து வந்த பழங்களைக் கூரையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறவேண்டிய ஸ்ரீரங்கம் பஸ் என் கண்ணெதிரே போய்விட்டது. நீ இருந்திருந்தால், "வாங்கப் போறியா, இல்ல மோந்து பாத்தே வயித்த நெரப்பிக்கப் போறியா?" என்று கேட்டிருப்பாய்.

நீ கண்மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்த பஸ்ஸைப் பார்த்தால், மடியில் ஐஸ் பெட்டியோடு ஜன்னலோரத்தில் நீ உட்கார்ந்திருப்பதுதான் தெரிகிறது. "உள்ள என்னம்மா, மீனா?" என்று, நாம் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது, ஒரு கண்டக்டர் கேட்டார். "ரத்தம்ண்ணே" என்றாய், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். "பாத்தியா, உனக்கு சீட் கெடச்சிருச்சு" என்று என்னை இழுத்து உட்காரவைத்தாய்.

மலைவாழ் மக்களின் மரபணுக்கள் ஊருக்கு ஊர் எப்படி வேறுபடுகின்றன, ஒரு நோய் ஓர் ஊரில் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது என்பதுதான் நம் ஆராய்ச்சி. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில், ரத்தத்தில் வெகுதூரம் விலகியிருந்தன. நாம் போன ஊரில் தலசீமியா என்கிற பிறவிச் சோகை இருந்தது. அதன் கூறு ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் செய்யாது. தாய் தகப்பன் இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு நோயாகவே வரலாம். அப்படி வந்த பிள்ளைகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பார்த்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே சோதித்துச் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகள் தப்பிக்கும் என்று நம்பித்தான் ஏறினோம்.

முடிவுகளைக் கொடுத்ததில்தான் கோட்டைவிட்டோம். கூறு இருப்பவர்களுக்கு மஞ்சள் அட்டை, இல்லாதவர்களுக்கு வெள்ளை அட்டை. நமக்குப் பிரித்துப் பார்க்கச் சுலபமாக இருந்தது, ஊருக்கும் சுலபமாகிவிட்டது. யார் கையில் மஞ்சள் என்று அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தத் தட்டு திரும்பிப் போனது. மஞ்சள் அட்டை வாங்கிய பையன்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோது ஊர்ப் பெரியவர், நாம் ரத்தம் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்தினார். "எங்க பொண்ணுங்க பேரைக் கெடுத்துட்டீங்க. இனிமே இங்க ஒருத்தரும் ரத்தம் குடுக்கக் கை நீட்ட மாட்டாங்க. போயிட்டு வாங்க." மஞ்சள் அட்டைக்காரர்கள் இருவர் தெரியாமல் மணந்து, இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போகிறதே என்றுதான் பதறினேன். நீ திரும்பி நடக்கவில்லை. ஊரைக் கூட்டச் சொன்னாய்.

மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் நம் ரத்தத்தையே ஓட்டிப் பார்ப்பது லேபில் வழக்கம். அப்படி ஓட்டியதில் உனக்கு என்ன வந்தது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை அங்கே எழுந்து சொன்னாய்.

"இதே கூறு எனக்கும் இருக்குங்க. நான் லால்குடியில வயலும் வாய்க்காலுமா வளர்ந்தவ. மலை, கீழ்நாடுன்னு பாத்து இது வர்றதில்ல. பொண்ணு, பையன்னு பாத்தும் வர்றதில்ல. இன்னைலேருந்து அட்டையே கெடையாது. அவங்கவங்க காதுல மட்டும் சொல்லுவோம். ஆனா ஒண்ணு, மாப்பிள்ளை கை மொதல்ல நீளட்டும். அப்புறம் பொண்ணைக் கேளுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பெரியவர் தன் மகனைப் பார்த்து, "என்னடா நிக்கிற? போய்க் கைய நீட்டி உக்காரு" என்றார். அடடா, அன்று உன்னைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, நான் பெற்ற பட்டத்துக்குக்கூட அப்படி வந்ததில்லை.

அப்போது உனக்கு வரன் பேசி ஏறக்குறைய முடிந்திருந்தது. "மலையில சொன்னத வீட்டுல மறைக்கிறதாடி?" என்று நீயே அவர்களிடம் போய்ச் சொன்னாய். வரன் போயிற்று. நான் அழுதேன். "கேள்வியத் தாங்க முடியாத மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று நீ எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய்.

இன்று அந்த ஊரில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டார் முதலில் கேட்பது பையன் சோதித்தாயிற்றா என்றுதான். தட்டு திரும்பிப் போன அந்தப் பெண் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு, நோயில்லாத பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். உன் படம் அவள் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

நீ கேட்காத சேதி ஒன்று பாக்கியிருக்கிறது. என் மகளுக்கும் அந்தக் கூறு இருக்கிறது, அவள் அப்பா வழியில். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. காபி கொடுக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். பையனின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இதையெல்லாம் இப்படி நாலு பேர் எதிர்ல சொல்லணுமா மாமி? பொண்ணு பேருக்குன்னா கெடுதல்?"

"என் சிநேகிதி ஒருத்தி ஊரையே கூட்டி வெச்சுண்டு சொன்னா. எங்காத்துக் கூடத்துல சொல்ல எனக்கென்ன? உங்க பிள்ளைக்குப் பாத்துண்டு வந்து பேசுங்கோ."

அந்த அம்மாள் எழுந்துகொண்டார். பையன் எழுந்திருக்கவில்லை. "எங்க போய் டெஸ்ட் பண்ணிக்கணும் மாமி?" என்று கேட்டான். நான் வழி சொன்னேன். என்ன ஆகும் என்று தெரியாது. அவர்கள் போன பிறகு என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அம்மா, லால்குடி சித்தி பேசற மாதிரியே இருந்துது."