எழுதிக்கொண்டு போனவள்

11 ஜூன் 2024

தாய்மை நல ஆய்வுக்காக, சேத்தியாத்தோப்பு தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பில் இன்று நான்கு வீடு. அறுபது கேள்வி. ஒரு வீட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகிறது.

கடைசி வீடு மணிமொழி. இருபத்திரண்டு வயது, எட்டாம் மாதம். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். "நாலு நாளா மண்ட இடிக்குதுக்கா." கண் மங்குகிறதா? "ஆமா." இரண்டுக்கும் டிக். அடுத்த கேள்வி, வீட்டில் கழிப்பறை உண்டா.

கிளம்பும்போது, "இவ்ளோ எழுதிகினு போறீங்களே, மருந்து எதுனா தருவீங்களா?" என்றாள். நான் நர்ஸ் இல்லைம்மா, ஆஸ்பத்திரியில் காட்டு என்றேன். "போன தடவ சாயந்திரம் வரைக்கும் வெளியவே நின்னேன். யாருமே கூப்புடல" என்று சிரித்தாள்.

வடலூர் பஸ் வந்துவிட்டது. நெய்வேலியில் வீடு வந்து சேர ஆறு மணி.

12 ஜூன்

மேற்பார்வையாளர் பிரவீன்குமாரிடம் மணிமொழியைப் பற்றிப் போனில் சொன்னேன். "மாசக் கடைசி ரிப்போர்ட்டோட போகும் மேடம். நம்ம வேலை தகவல் எடுக்கறது." சரி என்றேன்.

17 ஜூன்

மணிமொழி இறந்துவிட்டாள்.

18 ஜூன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஞாயிறு காலை வலிப்பு வந்திருக்கிறது. ஏரிக்கரைப் பாதையில் ஆம்புலன்ஸ் இறங்க முடியவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். வழியிலேயே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும். மூன்று வயதில் மூத்தது ஒன்று இருக்கிறது.

வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் மைன்ஸில் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தார். அடுப்பே பற்றவைக்காமல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "உன் வேல எழுதறதுதானே சரிதா. நீ என்ன பண்ணுவ?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பயிற்சி வகுப்பில் படம் போட்டே காட்டினார்களே — வீக்கம், தலைவலி, கண் மங்கல், மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தெரிஞ்சும் ஏன்டி பஸ் ஏறின?

2 ஜூலை

இறப்புக்கும் ஒரு படிவம் இருக்கிறதாம். இறந்தவளின் தாயிடம் நாற்பது கேள்வி கேட்க வேண்டும். மணிமொழியின் அம்மா வீராயி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கள கேக்குறீங்க. நான் ஒண்ணு கேட்டா சொல்லுவீங்களா?"

கேளுங்கம்மா என்றேன்.

"தல வலிக்குதுன்னு அவ சொன்னப்ப, அது ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியும்" என்றேன்.

அவர் கத்தவில்லை. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுற்றி இருந்த பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

5 ஜூலை

ஆய்வுக் கூட்டத்தில், தலைமை டாக்டர் இசைப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனால் போகட்டும். டாக்டர் மணிமொழியின் படிவத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அந்த ஏரிக்கரைப் பொண்ணுங்கள ஒரு வார்த்த கேக்காமலே கேள்வியெல்லாம் எழுதிட்டோம்" என்றார்.

28 ஜூலை

ஆய்வை எப்படி நடத்தலாம் என்று அந்தப் பெண்களிடமே கேட்க, டாக்டர் மூன்றாம் முறையாக ஏரிக்கரைக்கு வந்தார். முதல் இரண்டு முறையும் ஒரு பெண்கூட வெளியே வரவில்லை. இன்று வீராயி வந்தார்.

"எங்க பொண்ணுங்கள நான்தான் கேப்பேன். ஆபத்துன்னு தெரிஞ்சா கேள்விய அங்கயே வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். கூட ஒருத்தர் உள்ள வரைக்கும் வரணும். ஒத்துகினா வாங்க."

டாக்டர் ஒப்புக்கொண்டார். கூட வர யார் வேண்டும் என்று கேட்டார். வீராயி என்னைக் காட்டினார்.

"இவங்களே வரட்டும். இவங்களுக்குத்தான் தெரியுமே."

9 அக்டோபர்

வீராயி கேட்கிறார், நான் எழுதுகிறேன். வேலையைத் தவிர ஒரு பேச்சு கிடையாது. பஸ்ஸில் தனி சீட்டில்தான் உட்காருகிறார்.

21 நவம்பர்

ஏரிக்கரையில் எழில்மதிக்கு ஏழாம் மாதம். வீராயி அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பதிந்த குழி நிரம்பவே இல்லை. படிவத்தை மூடச் சொன்னார். ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளியே நிற்கச் சொன்னார்கள், வீராயி நிற்கவில்லை. பிரஷர் நூற்று எழுபது. உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

நர்ஸ் என்னிடம், "ஆய்வுக் குழு நீங்கதானா மேடம்?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், "ஆய்வுக் குழு நான். இவங்க எழுதறவங்க" என்றார் வீராயி.

பிறகு வார்டுக்கு வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதார். பக்கத்தில் போகலாமா என்று தெரியவில்லை. நின்றேன்.

"இவள சேக்கறதுக்குப் பத்து நிமிசந்தான் ஆச்சு" என்றார்.

என்னிடம்தான் சொன்னாரா, தெரியவில்லை.