நார்க் கூரையின் கீழ் முப்பத்தொரு பேர்

இன்று காலை இரண்டாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே அந்த நாற்றம் வந்தது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் யாரோ கயிறு திரிக்கக் கற்றாழை மடல்களை ஊறப்போட்டிருக்கிறார்கள். அழுகும் கற்றாழை எப்படி நாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாய். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டேன். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவர் என்று உங்களைக் கேலி செய்தவள் நான்.

நீங்கள் முதன்முதலாகத் திருவானைக்காவலுக்கு வந்தபோது எங்கள் வகுப்பறைக்குக் கூரை இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து பறந்த பொறி கீற்றில் விழுந்து, அரை மணியில் எல்லாம் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். யுத்த காலம். தகரம் கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்டு பர்மிட்டில் நாலைந்து மூட்டை. இனிமேல் கீற்றுப் போடக் கூடாது என்று உத்தரவு வேறு. கோடை விடுமுறைக்குள் கூரை வராவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாக நிர்வாகி சொல்லிவிட்டார். இருபது வயதில் கணவரை இழந்து, டிரெய்னிங் முடித்து அந்தப் பள்ளிக்கு வந்தவள் நான். அது மூடினால் எனக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான்.

கரிந்த சுவரைப் பூச வந்த கொத்தனார் நீங்கள். பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வருவீர்கள். பூசிக்கொண்டே வானத்தைப் பார்த்தீர்கள். பிறகு கரண்டியைக் கீழே போட்டீர்கள்.

“இரும்பு இல்லேன்னா என்னங்க டீச்சரம்மா? சிமெண்டு வெடிக்கிறப்ப உள்ளேருந்து பிடிச்சுக்க ஏதாச்சும் ஒண்ணு வேணும், அவ்வளவுதானே. மண்ணுல வைக்கோலக் கலந்து சுவர் வைக்கலையா?”

மறுநாள் தேங்காய் நார் கொண்டுவந்தீர்கள். அடுத்த வாரம் வாழை நார். கடைசியில் ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நிற்கும் கற்றாழை. அதில்தான் நிலைத்தீர்கள். கூரைக்காக முதலில் வார்த்த சிமெண்டுத் தகடு மூன்று நாளாகியும் இறுகவில்லை. நகம் பட்டால் பள்ளம் விழுந்தது. நான் முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் ஒரு நாரை எடுத்து வாயில் வைத்துச் சப்பிப் பார்த்து, முகம் சுளித்து, “சாறு போகலைங்க. அதான் சிமெண்டை இறுக விட மாட்டேங்குது” என்றீர்கள். காவிரியில் அலசினோம். நீங்கள், உங்கள் மனைவி, நான். தண்ணீர் தெளியும்வரை அலசுவதும், பிழிவதும், மறுபடி அலசுவதும். முழங்கை வரை அரித்துத் தடித்துப்போயிற்று. காய்ந்த நாரை விரல் நீளத்துக்கு நறுக்கி, மணலோடும் சிமெண்டோடும் பிசைந்து, பலகை அச்சில் மெல்லியதாகப் பரப்பி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தோம்.

பதினைந்தாம் நாள் இரண்டு செங்கல் மேல் அந்தத் தகட்டை வைத்து, “ஏறி நில்லுங்க” என்றீர்கள். நான் ஏறினேன். படீரென்று வெடித்தது. பயந்து குதித்தேன். உங்களுக்கு ஒரே சந்தோஷம். “வெடிச்சுது, விட்டுச்சா பாருங்க!” விரிசலுக்குள் நூற்றுக்கணக்கான வெள்ளை நார்கள் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு அழகாக இருந்தது அது.

அந்தத் தகடுகளால் கூரை போட்டுப் பள்ளி திறந்தது. திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்கும், வேறு சில இடங்களுக்கும் நீங்களே தகடு வார்த்துக் கொடுத்தீர்கள். இரண்டு மழைக்காலம் ஒழுகாமல் போயிற்று.

மூன்றாம் வருஷம் தை மாதம். கிணற்றடியில் சாய்த்துவைத்திருந்த மிச்சத் தகடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே வந்து நின்றீர்கள். என் எதிரில் அதை முழங்காலில் வைத்து ஒடித்தீர்கள். சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று. உள்ளே இருந்த நாரை விரலால் தேய்த்தீர்கள். மஞ்சள் தூளாக உதிர்ந்தது.

“சிமெண்டோட காரம் நாரைத் தின்னுடுச்சுங்க. வெளியே தெரியல. பிள்ளைங்களை வெளிய கூட்டியாங்க.”

“அது கிணற்றடி ஈரத்திலேயே இருந்தது, பாய். மேலே இருப்பது அப்படி இருக்காது.”

“இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

“இரண்டு மழை தாங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். கூரையில்லாத பள்ளிக்கு அங்கீகாரம் தர மாட்டார்கள். அது முடிந்ததும் பிரித்துவிடலாம்.”

நீங்கள் நடந்தீர்கள். வாசலுக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் வாசலுக்கும். பிறகு வந்து, “நான் கட்டி, நம்புங்கன்னு குடுத்தது டீச்சரம்மா. உங்களை நான் எப்படித் தடுக்கிறது?” என்றீர்கள். அந்தக் கேள்வியை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்தது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரஸ் அம்மாள் வந்தார். பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் பின்னி, பூ வைத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தொரு பேர். காற்று பலமாக இருந்தது. நீங்கள் ஜும்மா தொழுகைக்குக்கூடப் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். இன்ஸ்பெக்டரஸ் கைதட்டினார். நானும் தட்டினேன். எப்போது முடியும், எப்போது முடியும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஒன்றும் விழவில்லை. அங்கீகாரம் கிடைத்தது.

மறுநாள் சனிக்கிழமை நீங்கள் கூரையைப் பிரித்தீர்கள். நான்காவது தகடு, நீங்கள் கையில் தூக்கும்போதே, தன் கனம் தாங்காமல் உடைந்து கீழே விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் உட்காரும் இடம். நீங்கள் மேலிருந்து என்னைப் பார்த்தீர்கள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “ஓரமா நில்லுங்கம்மா” என்று மட்டும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. தகடு வார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் சைக்கிளில் போய், “நான் செஞ்சது தப்பாயிடுச்சு, எடுத்துடுங்க” என்று சொன்னீர்கள். சிலர் திட்டினார்கள். வேலை குறைந்தது. இன்னொரு பக்கம், சிமெண்டைக் குறைத்துச் செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்த்தால் காரம் அடங்குமா என்று வார்த்து வார்த்துப் பார்த்தீர்கள். அது என்னவாகும் என்று தெரிவதற்குள் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள்.

துக்கம் கேட்க நான் பாலக்கரை வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி திரைக்குள் என்னை அழைத்து உட்காரவைத்துச் சொன்னார்: “மௌத்தாகறதுக்கு முந்தின நாள்கூட அதைத்தான் சொன்னாங்க. வையம்பட்டியில ஒரு ஸ்கூல் மட்டும் பாக்கியாம். டீச்சரம்மா போவாங்களான்னு கேளுன்னாங்க.”

ஏன் என்னைப் போகச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். அங்கே தலைமையாசிரியர் நல்ல மனிதர். மோர் கொடுத்து உபசரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“ரெண்டு மழை தாங்கியிருக்கும்மா. கெட்டியாத்தான் இருக்கு. இப்பப் பிரிச்சா நாங்க எங்க போறது? உங்க ஊர்ல ஏதாவது விழுந்துச்சா?”

“விழவில்லை” என்றேன்.

“அப்புறம் என்ன?”

நான் அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். தெரிந்தே பிள்ளைகளை உட்காரவைத்தேன் என்று சொன்னேன். அவர் சமாதானமாக ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அகிலாண்டம், ரங்கநாயகி, பாத்திமா, மரகதம், சின்னப்பொண்ணு... வருகைப் பதிவேட்டு வரிசையில், ஒன்றுவிடாமல். பன்னிரண்டாவது பெயருக்கு மேல் அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். நான் முடிக்கும்வரை இருந்தார். பிறகு எழுந்துபோய் மணியை அடித்தார்.

பிள்ளைகள் அரைநாள் லீவு என்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு தகட்டை இறக்கி ஒடித்துப் பார்த்தோம். பாதி நார் தூளாகியிருந்தது. பாதி இன்னும் வெள்ளையாக, பலமாக இருந்தது. அவர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“இன்னும் ஒரு மழை தாங்கியிருக்குமோ என்னமோ.”

“தாங்கியிருக்கலாம். தெரியாதே. அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன்” என்றேன். சொன்ன பிறகுதான், அன்று வகுப்புக்கு வெளியே நின்று ‘உங்களுக்குத் தெரியுமாங்க’ என்று நீங்கள் கேட்டதற்கு அது பதில் என்று புரிந்தது. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பாய், இப்போது எங்கள் வகுப்புக்கு நல்ல ஓட்டுக் கூரை. தேக்குச் சட்டம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் பெயர் கூப்பிடும்போது, ஒவ்வொரு குழந்தையும் ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொன்னதும், ஒரு கணம் அண்ணாந்து அதன் தலைக்கு மேலே பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகிறேன். பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். நான் பார்க்கும்போது அவர்களும் சேர்ந்து மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெயர் கூப்பிட இப்போதெல்லாம் எனக்கு வெகுநேரம் ஆகிறது.