இந்த வாரம் என்ன கேட்கிறீர்கள்?

6 ஜூன் 1971, ஞாயிறு

காதர் ஜங்லிகாட்டிலிருந்து இசைத்தட்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரர்தான், ஆனால் கை கழுவாமல் தட்டைத் தொடமாட்டார். அதனால்தான் என் வீட்டில் அவருக்கு நாற்காலி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நர்ஸ் சந்திரமதி வழக்கம்போல் தாமதம்.

எங்கள் முறை எளிது. இந்த வாரம் எதைக் கேட்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லி, தட்டில் ஒரு பக்கம் போட வேண்டும். தீர்ப்பு என்னுடையது. தேநீர் பிறகு.

இந்தத் தீவில், எங்கள் டெலானிபூரில், அந்தி விளக்குகள் எரிந்ததும் மின்சாரம் தளரும். தட்டு மெதுவாகச் சுழன்று சுருதி இறங்கும். நிறுத்தச் சொல்லி முதலில் கை உயர்த்துவது எப்போதும் நான்தான். கெட்ட சுருதி இந்த வீட்டில் ஒரு நிமிடம் ஓடியதில்லை.

இன்று காதரின் ஷெனாய்த் தட்டு ஓடும்போது இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் சந்திரமதிதான் ஊசியைத் தூக்கினாள்.

"சுருதி தரை தட்டிடுச்சேம்மா, கேக்கலையா?"

யோசனையில் இருந்தேன் என்றேன்.

8 ஜூன்

என்ன யோசனை? பொய். எனக்கு அது சரியாகத்தான் கேட்டது. இல்லை — ஏதோ கேட்டது.

19 ஜூன்

டாக்டர் பார்த்தார். காது நரம்பு போய்க்கொண்டிருக்கிறதாம். மெயின்லேண்ட் போனாலும் இதையேதான் சொல்வார்களாம். கத்திச் சொன்னார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

4 ஜூலை, ஞாயிறு

மின்சாரம் தளர்ந்தால் பல்பும் மங்குமே! இத்தனை நாள் தோன்றவில்லை. பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மங்கியது. கை உயர்த்தினேன்.

"அரே, அம்மாவுக்கு இருக்கிறது காதில்ல, தங்கக்கடைத் தராசு!" என்று காதர் தொடையைத் தட்டினார்.

சந்தோஷமாக இருந்தது. அதுதான் வெட்கம்.

15 ஜூலை

என் வீணைத் தட்டைத் தனியாகப் போட்டேன். தகரத்தில் மழை விழுவதுபோல் இருந்தது. வெளியே நல்ல வெயில்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

காதர் மெட்ராஸ் கப்பலில் வந்த புதுப் பாட்டுப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அதைப் பற்றி வெகுநேரம் சொன்னார். அவர் பேசுவது இப்போது எனக்குப் பாதிதான். நல்லது என்று தலையாட்டினேன்.

சந்திரமதி அதில் புல்லாங்குழல் போட்டாள். பல்பு மங்கியது. கை உயர்த்தினேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சந்திரமதி மெதுவாக ஊசியைத் தூக்கினாள். "ஆமாம்மா. இறங்கிடுச்சு." காதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை இங்கேயே விட்டுப் போனார்கள். துடைக்கலாம் என்று தூக்கினேன். மின்கம்பியே இல்லை. அடியில் வரிசையாக பேட்டரிகள்.

பல்பு மங்கினால் இதற்கென்ன வந்தது? சுருதி இறங்கவே இல்லை. அதைத்தான் காதர் அவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனே! அவர்கள் எனக்காகப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே.

5 ஆகஸ்ட்

இனி வர வேண்டாம் என்று சொல்லியனுப்ப நினைத்தேன். யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது?

8 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தார்கள். சந்திரமதி இன்று தாமதிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதட்டை நன்றாகத் திறந்து கேட்டாள்: "இந்த வாரம் என்ன கேக்குறீங்கம்மா?"

வீணை என்றேன். காதர் கை கழுவிவிட்டு வந்து போட்டார்.

பல்பு மங்கியது. என் கைகள் மடியிலேயே இருந்தன.

ஊசி தட்டின் நடுவுக்கு வந்ததைப் பார்த்துத்தான் முடிந்தது என்று தெரிந்தது. எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டேன்.